4 அங்குலம் காருக்கு அல்ல

தம்பி, அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து உறைந்த ஏரியில் "பனிக்கட்டி 4 அங்குலம் இருந்தால் காரிலேயே மீன் பிடிக்கப் போகலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நடந்து போகிறவருக்கான கணக்கு. அந்த மாநில இயற்கை வளத் துறை ஸ்னோமொபைல் என்ற சின்னப் பனி வண்டிக்கே 5 முதல் 7 அங்குலம் கேட்கிறது. சின்னக் காருக்கு 9-10, நடுத்தர டிரக்குக்கு 13. அதுவும் தெளிவான புதுக் கட்டிக்குத்தான். வெளுத்த கட்டி என்றால் இரண்டு மடங்கு வேண்டும். ஒரே ஏரியில்கூட ஊற்றும் நீரோட்டமும் உள்ள பக்கம் மெலிந்திருக்கும், அதனால் போகப் போகத் துளை போட்டு அளக்க வேண்டும். நம் வேலூர்ப் பாலாற்று மணலில் வண்டி சிக்கினால் நாலு பேர் தள்ளிவிடுவார்கள். அங்கே வண்டியே உள்ளே போய்விடும். காட்பாடியிலிருந்து போன புதுசுதானே, சரி, இந்த வருஷம் சாமானை ஸ்லெட்ஜில் (சறுக்குப் பலகையில்) வைத்து இழுத்துக்கொண்டு நடந்தே போங்கள்.