குடை நிழலும் கடற்கரை மணலும்

பிரெஞ்சு ஓவியர் மோனே பிரான்சின் த்ரூவில் என்ற ஊரில் வரைந்த கடற்கரை ஓவியங்களைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அவற்றைக் கட்டுரையாளர் நன்றாகவே அறிமுகப்படுத்தியிருக்கிறார். ஆனால் மோனேக்கு மூத்த ஓவியரான பூதேனை ஒரே வரியில் கடந்துவிட்டதுதான் எனக்குக் குறை. த்ரூவில் இருக்கும் நார்மண்டிக் கரையில் கூண்டுப் பாவாடையும் தொப்பியுமாக உட்கார்ந்திருக்கும் பாரிஸ் சீமாட்டிகளை 1860களிலேயே வரையத் தொடங்கியவர் அவர். மோனேயை இளவயதில் வெளியே கூட்டிப்போய் வெட்டவெளியில் வரையப் பழக்கியதும் அவரே. இத்தனைக்கும் பூதேன் ஒரு மாலுமியின் மகன். அதனால்தானோ என்னவோ, அவர் படங்களில் மனிதர்கள் கீழே ஒரு மெல்லிய வரிசையாக ஒதுங்கிவிட, மீதியெல்லாம் வானம்.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் மோனேயின் 1870 ஆம் ஆண்டுப் படத்தையும் சொல்லியிருக்கலாம். அரை மீட்டர் அகலம்கூட இல்லாத சின்னப் படம். குடை பிடித்த இரண்டு பெண்கள், நடுவில் ஒரு காலி நாற்காலி. வெள்ளை உடையில் இருப்பவர் அனேகமாக அவர் மனைவி கமீல். முகத்தை நாலைந்து தீற்றலில் முடித்துவிட்டார். வண்ணத்தோடு மணல் துகள்களும் சிப்பித் துணுக்குகளும் ஒட்டிக் காய்ந்திருக்கின்றன. கடற்கரையிலேயே உட்கார்ந்து வரைந்தார் என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்!

அப்புறம் ஒன்று. இதை வெறும் தேனிலவுப் படம் என்று மட்டும் பார்க்க முடியவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதக் கடைசியில்தான் மோனே, கமீல் கல்யாணம். ஜூலையில் பிரான்சு பிரஷ்யா மீது போர் அறிவித்துவிட்டது. அந்த இலையுதிர்காலத்தில் மோனே லண்டனில் இருந்தார்.