ரோமை அதன் தண்ணீரின் வழியே பாருங்கள்

கோடை விடுமுறை நெருங்கினால் சுவிஸிலும் ஜேர்மனியிலும் பிரான்ஸிலும் வாழும் நம் குடும்பங்களுக்குள் இத்தாலிப் பயணத் திட்டங்கள் கைமாறத் தொடங்கிவிடும். மிலானில் இறங்கிப் பேராலயத்தின் முன் ஒரு படம், வெனிஸில் அரை நாள், புளோரன்ஸில் ஓர் இரவு, பிறகு ரோமில் கொலோசியம், வத்திக்கான், ட்ரெவி நீரூற்று மூன்றையும் ஒரே பகலுக்குள் அடக்கிவிட்டு மறுநாள் காலையில் திரும்பும் பயணம். இந்த வகைத் திட்டத்தை யாராவது என்னிடம் காட்டி ஆலோசனை கேட்டால், பிள்ளைகளையும் அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு இப்படிப் போகவே வேண்டாம் என்றுதான் சொல்லி வருகிறேன். ரோமுக்குப் போவதென்றால் ரோமுக்கு மட்டும் போங்கள். அங்கும் எல்லாவற்றையும் பார்க்க முயலாமல் ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடங்கள். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அந்தப் பொருள் தண்ணீராக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஜூலையிலும் ஆகஸ்டிலும் ரோமின் வெயில் 35 பாகையைத் தொடும் நாட்கள் அரிதல்ல. நகரின் பழைய தெருக்களில் கறுப்பு எரிமலைக் கல்லைச் சிறு சிறு கட்டிகளாகப் பதித்திருக்கிறார்கள். நண்பகலில் அந்தத் தரை வெப்பத்தை மேலே அனுப்புகிறது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஒவ்வோர் அடியும் வேதனை. இந்த நிலையில் சிறுவர்கள் முதலில் கேட்பது வரலாறு அல்ல, தண்ணீர். அவர்கள் கேட்பதையே பயணத்தின் மையமாக்கிவிட்டால், வரலாறு தானாகவே அதன் பின்னால் வந்து சேரும்.

ரோமின் தெருக்களில் ஏறத்தாழ 2,500 வார்ப்பிரும்புக் குடிநீர்க் கம்பங்கள் நிற்கின்றன. வளைந்த குழாய் மூக்கைப் போலிருப்பதால் ஊர்மக்கள் அவற்றை ‘நசோனி’, அதாவது பெரிய மூக்குகள் என்று அழைக்கிறார்கள். 1874-ஆம் ஆண்டில், இத்தாலி ஒன்றுபட்டு ரோம் தலைநகரான சில ஆண்டுகளுக்குள், நகராட்சி இவற்றை நிறுவத் தொடங்கியது. இரவும் பகலும் குளிர்ந்த நல்ல தண்ணீர் ஓடிக்கொண்டேயிருக்கும். யாரும் காசு கேட்பதில்லை. குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே இருக்கும் சிறு துளை வழியாகத் தண்ணீர் வில்லாக எழும்பி நேராக வாய்க்கு வரும். இதை என் மகனுக்குக் காட்டிக்கொடுத்தது தெருவோரத்தில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்த ஒரு முதியவர். அதன் பிறகு அடுத்த குழாய் எங்கே என்று தேடுவதே அவனுக்கு நடப்பதற்கான காரணமாயிற்று. அதுவரை கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை எங்களுக்கு முன்னால் போனான். அதே வேளையில் கொலோசியத்தின் வாசலில் எத்தனையோ குடும்பங்கள் தெருவியாபாரிகளிடம் தண்ணீர்ப் போத்தலுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பக்கத்திலேயே குழாய் இருக்கிறது என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். இந்தப் பதிவை எழுத வைத்த காரணங்களில் அதுவும் ஒன்று.

சூரிச்சிலும் பேர்ணிலும் வளரும் பிள்ளைகளுக்குத் தெருவில் குடிநீர் ஓடுவது புதிய செய்தியல்ல. ஆனால் ஒரு நகரம் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வேலையைச் செய்ய முயன்றிருக்கிறது என்பது அவர்களை வியக்க வைக்கும். ரோமின் முதல் நீர்க்கால்வாய் கி.மு. 312-இல் கட்டப்பட்டது. அதைக் கட்டுவித்த அப்பியஸ் கிளாடியஸ்தான் அப்பியன் நெடுஞ்சாலையையும் போட்டவர். கி.பி. 97-இல் நகரின் நீர்வழங்கலுக்குப் பொறுப்பாக அமர்த்தப்பட்ட ஃப்ரொன்டினஸ், தம் காலத்தில் ஓடிய ஒன்பது கால்வாய்களையும் அளவோடு பதிவு செய்து வைத்தார். தண்ணீரைத் திருட்டுத்தனமாக இழுத்தவர்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். எகிப்தின் பிரமிடுகளைப் பயனற்றவை என்று ஒதுக்கி, தங்கள் கால்வாய்களே அவற்றைவிட மேலானவை என்று அவர் எண்ணினார். அரசனுக்குக் கல்லறை கட்டுவதைவிடக் குடிமக்களுக்குத் தண்ணீர் கொண்டுவருவது பெரிய செயல் என்ற அந்த எண்ணத்தைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல ரோமைவிடப் பொருத்தமான நகரம் எனக்குத் தெரியவில்லை. அடிமைகளின் உழைப்பும் போரில் கிடைத்த கொள்ளைப் பணமும் இந்தக் கட்டுமானங்களுக்குள் கலந்திருக்கின்றன என்பதையும் கூடவே சொல்ல வேண்டும். நான் சொன்னேன், என் மகள் அதைப் பற்றித்தான் நிறையக் கேள்விகள் கேட்டாள்.

ட்ரெவி நீரூற்றை எல்லோரும் பார்க்கத்தான் போகிறார்கள். நிக்கோலா சால்வி வடிவமைத்த அது, அவர் இறந்த பிறகு 1762-இல் நிறைவுற்றது. 2024 இறுதியில் பழுதுபார்ப்பு முடிந்ததிலிருந்து ஒரே நேரத்தில் 400 பேரை மட்டும் அருகில் விடும் ஏற்பாடு வந்திருக்கிறது. நாணயம் எறிந்து படம் எடுத்துக்கொள்வதோடு பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள். எறியப்படும் காசு கத்தோலிக்கத் தொண்டு நிறுவனமான கரித்தாஸ் வழியாக ஏழைகளுக்குப் போகிறது என்பதால் அதில் தவறேதும் இல்லை. ஆனால் சிலைகளுக்கு மேலே வலப்பக்கம் இருக்கும் புடைப்புச் சிற்பத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தாகத்தோடு வந்த வீரர்களுக்கு ஓர் இளம்பெண் ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். அந்த ஊற்றிலிருந்து அக்ரிப்பா என்ற தளபதி கி.மு. 19-இல் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெரும்பாலும் நிலத்துக்கடியிலேயே கால்வாய் வெட்டிக் கொண்டுவந்தார். கன்னி நீர் என்று அதற்குப் பெயர். கி.பி. 537-இல் கோத் இனப் படைகள் ரோமை முற்றுகையிட்டபோது நகரின் கால்வாய்களைத் துண்டித்தன. மற்றவை காலப்போக்கில் வறண்டுபோயின. நிலத்தடியில் ஓடிய இது மட்டும் பழுதுகளோடு தாக்குப்பிடித்தது. 1453-இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலாஸ் அதைச் செப்பனிட்டார், இன்றும் நகர மையத்தின் நீரூற்றுகளுக்கு அந்த வழியே தண்ணீர் வருகிறது.

இந்தக் கால்வாயின் வளைவுகளை நேரில் பார்க்க நல்ல இடம் ஒன்று இருக்கிறது. ட்ரெவிக்கு அருகே ட்ரித்தோனே தெருவில் 2017-இல் திறக்கப்பட்ட பெரிய பல்பொருள் அங்காடியின் கீழ்த்தளத்தில், கட்டுமானத்தின்போது வெளிப்பட்ட பகுதியை அப்படியே விட்டுக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு வேண்டாம், குளிரூட்டப்பட்ட இடம், அம்மம்மா உட்காரலாம். வெயில் உச்சியில் இருக்கும் இரண்டு மணிக்கு இதைவிட நல்ல அருங்காட்சியகம் கிடைக்காது.

அங்கிருந்து ஸ்பானியச் சதுக்கத்துக்கு நடந்து போகலாம். படிக்கட்டின் அடியில் இருக்கும் ‘பர்காச்சா’ நீரூற்று பாதி மூழ்கிய படகின் வடிவில் தரையோடு தாழ்ந்து கிடக்கிறது. கன்னி நீர்க் கால்வாய் அந்த இடத்தை அடையும்போது தண்ணீருக்கு மேலெழும்பும் அழுத்தம் போதவில்லை. அந்தக் குறையையே வடிவமாக்கி, 1620-களின் இறுதியில் பியெத்ரோ பெர்னினி மூழ்கும் படகைச் செதுக்கினார். பள்ளியில் நீரழுத்தம் படித்த பிள்ளைக்கு இதைச் சொன்னால் கண்கள் விரிவதைப் பார்க்கலாம். படிகளில் அமர 2019 முதல் தடை. அபராதம் உண்டு, களைத்த முதியவர்களை அங்கே உட்கார வைத்துவிடாதீர்கள்.

அந்தப் பியெத்ரோவின் மகன் லொரன்சோ பெர்னினி, 1651-இல் நவோனா சதுக்கத்தில் நான்கு நதிகளின் நீரூற்றை அமைத்தார். நைல், டான்யூப், லா பிளாட்டா என்று அவர் தேர்ந்த நதிகளோடு ஆசியாவுக்காகக் கங்கையும் அங்கே உட்கார்ந்திருக்கிறது, கையில் துடுப்போடு, தாடி வைத்த ஆணாக. நைலின் தலை துணியால் மூடப்பட்டிருக்கிறது; அதன் பிறப்பிடம் அப்போது ஐரோப்பியர்களுக்குத் தெரியாது என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. அம்மம்மா கங்கையின் முன் நெடுநேரம் நின்றார், ஏன் பெண்ணாகச் செய்யவில்லை என்று கேட்டார். இலத்தீன் மரபில் நதிகள் பொதுவாக ஆண்தெய்வங்கள் என்று நான் விளக்கியது அவருக்கு நிறைவாக இல்லை. நம் குடும்பங்கள் ஐரோப்பியச் சிலை ஒன்றின் முன் நின்று உரிமையோடு வாதாட முடிகிற இடம் அது. பதினேழாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை, ஆகஸ்ட் மாத வார இறுதிகளில் இந்தச் சதுக்கத்தின் நீர்ப்போக்கிகளை அடைத்து, முழுச் சதுக்கத்தையும் ஆழமற்ற குளமாக்கி, செல்வர்கள் வண்டிகளை ஓட்ட, சிறுவர்கள் நனைந்து விளையாடியிருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கோபப்படுவார்கள்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனைத் தவறவிடக் கூடாது. 43 மீட்டருக்கும் மேற்பட்ட விட்டமுள்ள கவிகை, கம்பி வலுவூட்டல் இல்லாத கற்காரையாலானது, பேரரசர் ஹட்ரியன் காலத்தியது. உச்சியில் ஏறத்தாழ ஒன்பது மீட்டர் அகலத்துக்குத் திறந்த வட்டம். மழை உள்ளேயே பெய்யும், சற்றே வளைந்த தரையில் இருக்கும் துளைகள் வழியாக வடிந்துவிடும். 2023-இல் ஐந்து யூரோ கட்டணம் கொண்டுவந்தார்கள், பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. பின்புறத்தில் சாந்தா மரியா சோப்ரா மினெர்வா ஆலயத்தின் முகப்புச் சுவரில் தைபர் ஆற்று வெள்ளம் எட்டிய உயரங்களைப் பதித்த கல்வெட்டுகள் இருக்கின்றன. 1598-ஆம் ஆண்டின் குறி மற்றவற்றுக்கெல்லாம் மேலே நிற்கிறது. 1870 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகுதான் ஆற்றின் இருகரையிலும் இன்று காணும் உயர்ந்த மதில்களை எழுப்பினார்கள்.

என்னைக் கேட்டால், கொலோசியத்துக்குள் போவதற்கு ஒதுக்கும் காலையை நீர்க்கால்வாய்ப் பூங்காவுக்குக் கொடுக்கலாம். ஏ மெட்ரோ பாதையில் ஜூலியோ அக்ரிகோலா நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் போதும். ஒன்றரை யூரோச் சீட்டில் போய்விடலாம், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டே தேவையில்லை. பேரரசர் கலிகுலா கட்டத் தொடங்கி, கி.பி. 52-இல் பேரரசர் கிளாடியஸ் முடித்த கால்வாயின் உயர்ந்த வளைவுகள் பைன் மரங்களுக்கிடையே வரிசையாக நிற்கின்றன. 69 கிலோமீட்டர் தூரத்துக்கு, எந்த இயந்திரமும் இல்லாமல், நிலத்தின் மெல்லிய சரிவை மட்டும் நம்பித் தண்ணீரை நடத்தி வந்திருக்கிறார்கள். காலை எட்டு மணிக்கு அங்கே ஓடுபவர்களும் நாயோடு வருபவர்களும் அந்த வட்டாரத்துக் குடும்பங்களுமே இருந்தார்கள். பிள்ளைகள் புல்லில் ஓடினார்கள், யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

கொலோசியத்தை விட்டுவிடச் சொல்கிறாயா என்று சிலர் வருத்தப்படுவார்கள். உள்ளே போக விரும்புகிறவர்கள் பெயரோடும் நேரத்தோடும் முன்பதிவு செய்து காலையின் முதல் வேளையில் போகட்டும். அரசு அருங்காட்சியகங்கள் எல்லாவற்றையும் போல அங்கும் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணமில்லை. அதே சீட்டில் பக்கத்தில் பழைய ரோமின் பொதுச் சதுக்கமாக இருந்த ஃபோரத்துக்கும் போகலாம். அங்கே பேரரசர் மக்சென்சியஸின் பேரவைக் கட்டடம் நிற்கும் இடத்தில், அதற்கு முன்பு பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் களஞ்சியங்கள் இருந்தன. அந்த மிளகு தென்னிந்தியக் கரையிலிருந்து வந்தது; யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு பாடுகிறது. மனிதர்களையும் விலங்குகளையும் கொன்று வேடிக்கை பார்த்த அரங்கைவிட, நம் பிள்ளைகளுக்கு நெருக்கமான ரோம் அந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது.

வத்திக்கான் அருங்காட்சியகத்தைப் பற்றியும் கேட்பார்கள். கோடையில் அந்த நீண்ட கூடங்களில் கூட்டம் நம்மைத் தள்ளிக்கொண்டே போகும், கூரை ஓவியங்களுக்குப் பெயர்பெற்ற சிஸ்டைன் சிற்றாலயத்தை அடையும்போது சிறுவர்கள் தரையைப் பார்த்தபடி நிற்பார்கள். பிள்ளைகள் ஓவியத்தைத் தாங்களாகத் தேடும் வயது வரும்வரை அதைத் தள்ளிப்போடுங்கள். பிறகு நவம்பரிலோ பெப்ரவரியிலோ, கூட்டம் குறைந்த ஒரு வார நாளில் அதற்கென்றே அழைத்துச் செல்லுங்கள். கோடையில் அந்த நேரத்தை ஜனிக்கோலோ குன்றுக்குக் கொடுங்கள். 1612-இல் கட்டப்பட்ட பாவோலா நீரூற்று அங்கே இருக்கிறது, நகரம் முழுவதும் கீழே தெரியும், மாலையில் காற்றும் உண்டு. மேலே பேருந்து போகிறது, முதியவர்களை நடக்க வைக்க வேண்டியதில்லை.