புத்தகத்தைப் படித்தீர்களா அண்ணா?

ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பில் பிள்ளைகளுக்கு 'பறக்கும் வகுப்பறை' என்ற ஜெர்மன் கதைப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன், அண்ணா ஒருவர் பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டார். இது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேருக்கு, அதைக் குறை சொல்லி அண்ணா அனுப்பிய நாலரை நிமிட வாய்ஸ் மெசேஜ் வந்து சேர்ந்திருக்கும். எனக்கே மூன்று குரூப்பிலிருந்து வந்தது. "டிசம்பர் மாசம், லீவு நேரம், எதுக்கு வம்பு, விடுங்க" என்றாள் வீட்டில். இரண்டு நாள் விட்டுத்தான் பார்த்தேன். முடியவில்லை.

எனக்குக் கேள்வி ஒன்றுதான். அந்தப் புத்தகத்தைப் படித்தீர்களா அண்ணா?

அட்டையைப் பார்த்தீர்கள், பனி இருந்தது. பின்னால் திருப்பினீர்கள், கிறிஸ்துமஸ் என்று இருந்தது. உடனே பதினாறு பிள்ளைகள் முன்னால் கை தட்டி நிறுத்தச் சொல்லிவிட்டீர்கள். "தமிழ் வகுப்பில் மதப் பிரசாரம் எதுக்கு?" நான் பெரிய பாதிரியார் பாருங்கள். வீட்டுக்கு வந்தால் வாசலில் முருகர் படம்தான் முதலில் தெரியும்.

எரிஷ் கேஸ்ட்னர் 1933இல் எழுதிய 'பறக்கும் வகுப்பறை'. நாம் குடியிருக்கும் இந்த ஜெர்மனியில் மூன்று தலைமுறை படித்த புத்தகம். 1954, 1973, 2003, 2023 என்று நாலு முறை படமாக வந்திருக்கிறது. கிர்ஷ்பெர்க் என்ற ஊரில் ஒரு பள்ளி விடுதி, அதில் ஐந்து பையன்கள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் போடுவதற்கு நாடக ஒத்திகை நடக்கிறது. நடுவில், பக்கத்துப் பள்ளிக்காரர்கள் இவர்கள் பள்ளிப் பையன் ஒருவனைக் கடத்திக்கொண்டு போய் நிலவறையில் கட்டிப் போடுகிறார்கள். அவனிடம் இருந்த டிக்டேஷன் நோட்டுகளையும் கொளுத்திவிடுகிறார்கள். அவனை மீட்க ஒரு படையெடுப்பு, பனிப்பந்துச் சண்டை. அப்புறம் விடுதிக்குத் திரும்பி வந்தால் விடுதி வாத்தியாருக்குப் பதில் சொல்ல வேண்டும். கடத்தப்பட்டவனின் அப்பாதான் அந்த டிக்டேஷன் வாத்தியார். வகுப்பில் மகனைப் பார்த்து "உன் அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்" என்கிற ஆள் அவர். அன்றைக்கு நம் பிள்ளைகள் பெஞ்சிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தார்கள்.

இதில் ஏசு எங்கே வருகிறார்? சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாடகத்தின் கடைசிக் காட்சி சொர்க்கத்தில் நடக்கிறது, அங்கே ஏசுவின் சீடர் பேதுரு வருகிறார். கொஞ்சம் முன்னால் வட துருவத்தில் பனிக்கரடியாக வந்த அதே பையன்தான் பேதுரு. இதைக் கேட்டு யாராவது மதம் மாறினால் கரடிக்குத்தான் மாற வேண்டும்.

இந்தக் கிறிஸ்துமஸ் கதையை எழுத அந்த மனுஷன் உட்கார்ந்ததே நடுக் கோடையில். அம்மா விரட்டிவிட்டதால் ட்சுக்ஷ்பிட்ஸே மலையடிவாரத்துப் புல்வெளியில் உட்கார்ந்து பனியைப் பற்றி எழுதினேன் என்று முன்னுரையில் அவரே சொல்கிறார். அங்கே அவருக்குத் துணை ஒரு கன்றுக்குட்டி, பேர் எடுவார்ட். நம் பிள்ளைகள் அதற்கு லட்சுமி என்று பேர் வைத்துவிட்டார்கள். ஆண் கன்று என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

"தமிழ் வகுப்பில் தமிழ்க் கதை சொல்லக் கூடாதா?" என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தெனாலிராமன் சொன்னேன், மரியாதைராமன் சொன்னேன், இரண்டு வருடமாகச் சொல்கிறேன். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுவிட்டுத் தங்களுக்குள் ஜெர்மனில் பேசிக்கொள்வார்கள். இந்தப் புத்தகத்தை நான் ஜெர்மனில் பார்த்துப் பார்த்து வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே போகிறேன். பழைய ரயில் பெட்டி ஒன்றை வாங்கி அதிலேயே குடியிருக்கும் ஒருவர் கதையில் வருகிறார். அது புகை பிடிக்காதவர்களுக்கான பெட்டி என்பதால் பையன்கள் அவருக்கு வைத்த பேர் 'புகைபிடிக்காதவர்'. மனுஷன் ஊதித் தள்ளுகிறார். இந்தப் பேரைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று எட்டு வயசுப் பிள்ளைகள் இருபது நிமிஷம் தமிழிலேயே சண்டை போட்டார்கள். 'ஊதாதவர்' என்றது ஒரு கட்சி, 'ஊதாமாமா' என்றது இன்னொன்று. தமிழ் வகுப்பு என்றால் வேறென்ன அண்ணா?

அடுத்தது, அடிதடி. "இதைக் கேட்டு நம் பிள்ளைகளும் குடையைப் பிடித்துக்கொண்டு குதித்தால்?" ஊலி என்கிற குட்டிப் பையன் தன்னைப் பயந்தாங்கொள்ளி என்கிறார்களே என்று குடையை விரித்து உயரத்திலிருந்து குதிக்கிறான். கால் உடைகிறது. அப்படியே பறந்து போய் மேகத்தில் உட்காரவில்லையே. இதற்கு மேல் என்ன எச்சரிக்கை பலகை வைப்பது?

குறை சொல்ல வேண்டும் என்றால் நானே சொல்லித் தருகிறேன். கதையில் பெண் பிள்ளைகளுக்கு இடமே இல்லை. நாடகத்தில் பெண் வேடம் போடுவதும் அந்த ஊலிதான். என் மகள் இதைக் கேட்டாள், பதில் சொல்லத் தெரியாமல் முழித்தேன். நாலரை நிமிடத்தில் இதை ஒருவர்கூடக் கேட்கவில்லை. படித்தால்தானே கேட்க முடியும்.

அப்புறம் "இதில் நீதி என்ன?" வேடிக்கைக் கதைக்கு நீதி எதற்கு என்பதுதான் என் கட்சி. ஆனாலும் கேட்டுவிட்டீர்கள். 1933 மே 10ஆம் தேதி பெர்லின் ஓபரா சதுக்கத்தில் நாஜி மாணவர்கள் புத்தகங்களைக் கொளுத்தினார்கள். எரிந்ததில் கேஸ்ட்னர் புத்தகங்களும் உண்டு. அவரே கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தார். அதே வருடக் கடைசியில் வந்தது இந்தப் புத்தகம். அதில் அந்த டிக்டேஷன் வாத்தியார் பையன்களை ஐந்து முறை எழுதச் சொல்கிற ஒரு வாக்கியம் இருக்கிறது: நடக்கிற அக்கிரமத்துக்குச் செய்தவன் மட்டும் பொறுப்பில்லை, தடுக்காமல் இருந்தவனும் பொறுப்பு. அந்த வருடத்தில், அந்த நாட்டில், பிள்ளைகள் புத்தகத்தில்! பாருங்கள், நீதி வேண்டாம் என்று சொல்ல வந்து நானே நீதி விளக்கிக்கொண்டிருக்கிறேன். இந்த வாய்ஸ் மெசேஜ் செய்கிற வேலை இது.

போகட்டும். இதையெல்லாம்கூட விட்டிருப்பேன். மூன்றாவது நிமிடத்தில் சொன்னீர்களே, "பத்து பன்னிரண்டு வயசுப் பையன் உட்கார்ந்து அழுகிற கதை. ஆம்பளைப் பிள்ளைகளை அழுமூஞ்சியா வளர்க்கப் போறாரு இவரு" என்று. பின்னால் யாரோ சிரித்தார்கள். யார் என்று குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன், பேர் வேண்டாம்.

அந்தப் பையன் ஏன் அழப் போகிறான் என்று தெரியுமா உங்களுக்கு? மார்ட்டின் வகுப்பில் முதல் மாணவன், பாதிக் கட்டணச் சலுகையில் படிப்பவன். அப்பாவுக்கு வேலை போய்விட்டது. ஊருக்குப் போக ரயில் கட்டணம் அந்தக் காலத்து ஜெர்மன் காசில் எட்டு மார்க், அதை அனுப்ப முடியவில்லை என்று அம்மா கடிதம் எழுதுகிறாள். ஐந்து மார்க்குக்குத் தபால்தலை மட்டும் கூட வைத்திருக்கிறாள். மற்றவர்கள் பெட்டி கட்டுகிறார்கள். இவன் அழக் கூடாது, அழக் கூடாது என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டு திரிகிறான். ஆம்பளைப் பிள்ளை அழக் கூடாது என்று நீங்கள் சொல்லித்தர வேண்டியதே இல்லை அண்ணா. அவனுக்கு முன்பே தெரியும்.

எனக்கும் தெரியும். 1989 தீபாவளி. மதுரையில் ஒரு விடுதி, எனக்குப் பன்னிரண்டு வயசு. கோவில்பட்டிக்கு பஸ்ஸுக்குப் பத்து ரூபாய் இருந்தால் போதும். அப்பா வேலை பார்த்த தீப்பெட்டி ஆபீஸில் அந்த வருஷம் போனஸ் வரவில்லை, அதனால் மணியார்டரும் வரவில்லை. "நாளைக்கு வந்துரும்டா" என்று தபால்காரர் மூன்று நாள் சொன்னார். நாலாம் நாள் என்னைப் பார்த்ததும் சைக்கிளை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு போனார். விடுதியில் நானும் சமையல்காரரும் மட்டும். தீபாவளி அன்றைக்கு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். வார்டன் பார்த்துவிட்டார். "ஆம்பளைப் பயதானடா நீ?" என்று கேட்டுவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அவ்வளவுதான். வெடிச் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தத் தொட்டிச் சுவரின் பாசி வாசம்.

மார்ட்டினுக்கு ஒரு வாத்தியார் வருகிறார். பையன்கள் அவரை யூஸ்டுஸ் என்று கூப்பிடுவார்கள், நீதிமான் என்று அர்த்தம். என்னடா என்று விசாரித்து, இருபது மார்க் கையில் கொடுத்து ஊருக்கு அனுப்பி வைக்கிறார். நான் இந்தப் புத்தகத்தை முதல் முறை படித்தது முப்பத்தெட்டு வயதில், மகளுக்கு வாசித்துக் காட்டும்போது. அந்த இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை. "அப்பா, ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். தொண்டை கட்டிக்கொண்டது என்றேன்.

அழுமூஞ்சி என்றால் நான்தான் அண்ணா. பிள்ளைகளை விட்டுவிடுங்கள்.

தமிழ் வகுப்புக் கமிட்டி என்ன முடிவு எடுக்கிறதோ எடுக்கட்டும். என் வருத்தம் வேறு. நீங்கள் கை தட்டியபோது நான் அம்மாவின் கடிதத்தைத்தான் சொல்லி முடித்திருந்தேன். யூஸ்டுஸ் இன்னும் வரவில்லை. பதினாறு பிள்ளைகளும் மார்ட்டினை விடுதியிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஒருத்தி அம்மா போனிலிருந்து "மாமா மார்டின் வீட்டுக்கு போனானா" என்று தமிழில் டைப் செய்து அனுப்பியிருக்கிறாள். நான் இன்னும் பதில் போடவில்லை. இதைப் படிக்கிற பெற்றோர்களும் தயவுசெய்து இருபது மார்க் விஷயத்தை வீட்டில் உளறிவிட வேண்டாம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் வீட்டில் மீதியை வாசிக்கிறேன். சுண்டல் உண்டு. அண்ணா, உங்கள் பையனையும் அனுப்பலாம், ஊதாமாமா அவன் வைத்த பேர்தான். மாடிப்படியில் மட்டும் ஓட வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், கீழ் வீட்டுப் பாட்டி போன மாதமே வீட்டுக்காரருக்குக் கடிதம் போட்டுவிட்டார்.