எதுக்குன்னு கேட்ட கடை

திருச்சியில் மூடிவிட்ட ஒரு ஸ்டேஷனரிக் கடையின் ஷட்டர் படத்தை ஞாயிற்றுக்கிழமை இங்கே போட்டிருந்தேன். அதற்குக் கீழே கருத்துகளில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். திரும்பவும் அதை விவரிக்க எனக்குத் தெம்பில்லை. ஆனால் ஒரு வரி மட்டும் மூன்று நாளாகத் தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது. "பேனா பென்சில் வித்த கடைக்கெல்லாம் இவ்வளவு ஒப்பாரியா?" அந்த வரிக்கு 42 பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஐந்து பேர் என்னோடு படித்தவர்கள். ரெக்கார்ட் நோட்டு வாங்க அதே கடையில் என் பின்னால் வரிசையில் நின்றவர்கள். நான் என்ன எழுதியிருந்தேன் என்று ஒரு தடவை படித்துவிட்டாவது சிரித்திருக்கலாம்.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். தெப்பக்குளம் பக்கம் இருந்த அந்தக் கடையில் எதைக் கேட்டாலும், எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் "எதுக்கு?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கிற இன்னொரு கடையை இன்றைய திருச்சியில் நான் பார்க்கவில்லை. இதில் ஒப்பாரி எங்கே இருக்கிறது?

அந்தக் கேள்வி ஊர் வம்புக்காகக் கேட்டதும் இல்லை. ஒரு குயர் வெள்ளைத்தாள் என்று போய் நிற்கிறீர்கள். மை பேனாவில் எழுதவா, டைப் அடிக்கவா, ஸ்டென்சில் போட்டு உருட்டிப் பிரதி எடுக்கவா என்று தெரிந்தால்தானே சரியான தாளைத் தர முடியும்? மை பேனாவுக்கு வழவழப்பான தாள் வேண்டும், இல்லாவிட்டால் எழுத்து ஊறிப் பின்பக்கம் தெரியும். ஸ்டென்சிலுக்கு மையை உறிஞ்சுகிற சொரசொரப்புத் தாள் வேண்டும். இதையெல்லாம் எனக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித் தரவில்லை. கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியவர் சொல்லித் தந்தார். குயர் என்றால் 24 தாள், ரீம் என்றால் அந்தக் காலத்தில் 480, இப்போது 500 என்பதும் அவர் சொன்னதுதான். காந்தி மார்க்கெட் மண்டிக்காரர் கணக்கு நோட்டு கேட்டால், அன்றாட வரவு செலவு எழுதும் நாள்வழிக்கா, ஆள்வாரியாகக் கணக்கு எழுதும் பேரேட்டுக்கா என்று கேட்டுவிட்டுத்தான் சிவப்புத் துணி போட்டுக் கட்டிய நீள நோட்டை மேலேயிருந்து இறக்குவார். அரக்கு கேட்டால்கூட, தபால் பார்சலுக்கா, பரீட்சைத் தாள் கட்டுக்கா என்று கேள்வி வரும்.

1991 ஜூன். ஆறாம் வகுப்பு சேர்ந்திருந்தேன். ஜியோமெட்ரி பாக்ஸ் வாங்க அப்பாவோடு போனேன். பெரியவர் ஒரு தகர டப்பாவைத் திறந்து காம்பஸை மட்டும் வெளியே எடுத்தார். துண்டுப் பென்சில் ஒன்றைச் செருகித் திருகை இறுக்கினார். பழைய பில் புக்கின் பின் அட்டையில் முள்ளை ஊன்றி, தலையை இரண்டு விரலால் பிடித்து ஒரு சுற்று சுற்றினார். தொடங்கிய இடத்துக்கு வரும்போது கோடு ஒரு மயிரிழை விலகி நின்றது. ஒன்றும் பேசாமல் டப்பாவை மூடிப் பின்னால் வைத்துவிட்டார். அடுத்த டப்பா. அதுவும் விலகியது. மூன்றாவதில் கோடு கோட்டின் மேலேயே போய் உட்கார்ந்தது. இன்னும் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்தார். அப்புறம் அட்டையை என் பக்கம் திருப்பி, "வட்டம் சேருதா பாரும்மா" என்றார். பத்து வயதுப் பெண்ணிடம் கேட்டார். நான் குனிந்து பார்த்து, சேருகிறது என்று சொன்ன பிறகுதான் பில் போட்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அந்தக் காம்பஸின் திருகு தளரவில்லை.

போன ஜூனில் என் மகளுக்கு ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். அழகான பெட்டி, மறுநாளே வாசலுக்கு வந்துவிட்டது. வட்டம் சேரவில்லை. திருப்பி அனுப்பலாம் என்று போனபோதுதான் அந்தச் செயலி முதல் முதலாக என்னிடம் ஒரு கேள்வி கேட்டது: காரணம் என்ன? அளவு சரியில்லை, நிறம் வேறு, தாமதமாக வந்தது என்று ஏதேதோ இருந்தன. வட்டம் சேரவில்லை என்று எங்கேயும் இல்லை. கடைசியில் "மனம் மாறிவிட்டது" என்பதைத் தொட்டேன். என் மனம் மாறவே இல்லை. ஆனால் அவர்கள் கணக்கில் அப்படித்தான் பதிவாகியிருக்கும்.

எதுக்கு என்று கேட்பதற்கும் ஏன் வேண்டாம் என்று கேட்பதற்கும் இருக்கிற தூரத்தைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மரப்படி ஏறினால் மேலே கிஃப்ட் பகுதி. சுவர்க்கடிகாரம், கண்ணாடிக் கூண்டுக்குள் கிருஷ்ணர், டீ கோப்பை செட், போட்டோ பிரேம். அங்கே நின்ற அக்காவும் முதலில் "யாருக்கு?" என்றுதான் கேட்பார். கல்யாணமா, காதுகுத்தா, ரிட்டயர் ஆகிறவருக்கா? ரிட்டயர் ஆகிறவர் என்றால், "எல்லாரும் கடிகாரம்தான் வாங்குவாங்க, வீட்டுல நாலு சேர்ந்துடும், வேற பாருங்க" என்பார். விற்க நிற்கிறவர் இப்படிச் சொல்வாரா? அவர் சொன்னார். விலைச்சீட்டை நகத்தால் கீற மாட்டார். துணி முனையில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் தொட்டுத் தடவி, பசை தெரியாமல் எடுத்துவிட்டுத்தான் ஜிகினாத் தாள் சுற்றுவார். மார்கழி பிறந்தால் மாடி முழுக்கக் கொடி கட்டிப் பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் துணி காயப்போட்ட மாதிரி தொங்கவிடுவார்கள். கரும்பும் பானையும் மாடும் தலைக்கு மேலே ஆடும். செல்போனில் எஸ்எம்எஸ் வந்த பிறகு அந்தக் கொடிகள் வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்தன.

சரி, எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன். "காலத்துக்கு ஏற்ப மாறாதவன் காணாமல் போவான்" என்று ஒருவர் பாடம் எடுத்திருக்கிறார். மாறவில்லையா? டைப்ரைட்டர் ரிப்பன் விற்ற இடத்தில் பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் வைத்தார்கள். ஸ்டென்சில் போனதும் ஜெராக்ஸ் மிஷின் போட்டார்கள். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது பெரியவரின் மகன் கம்ப்யூட்டர் பில்லுக்கு மாறினார். ஒரு மனிதர் எத்தனை தடவை மாற வேண்டும் என்று அந்தப் பாடத்தில் இருக்கிறதா?

"காகிதம் என்றாலே மரத்தை வெட்டுவது, மூடியது நல்லதே" என்று இன்னொருவர். ஐயா, பக்கத்துக் கரூர் மாவட்டத்துப் புகளூரில் டிஎன்பிஎல் என்கிற தமிழக அரசின் காகித ஆலை இருக்கிறது. 1980களிலிருந்து கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறார்கள். அந்தத் தாளைத்தான் பெரியவர் "நம்ம ஊர் சக்கைத் தாள், எழுதிப் பாருங்க" என்று பெருமையாக எடுத்துக் கொடுப்பார். அவ்வளவு சூழலியல் அக்கறை இருப்பவர், அந்தக் கருத்தை எழுதிய போன் எந்த மண்ணைத் தோண்டி வந்தது என்றும் கொஞ்சம் யோசிக்கலாம்.

விலை கூட என்றார்கள். கூடத்தான். பத்து இருபது ரூபாய் கூடக் கொடுத்தோம். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

ஒரு பெண் கேட்டது மட்டும் நியாயம். அங்கே வேலை பார்த்தவர்களை நாள் முழுக்க நிற்கத்தானே வைத்தார்கள் என்று கேட்டிருந்தார். ஆமாம், நிற்க வைத்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று நம் மாநிலத்தில் சட்டம் திருத்தியதே 2021இல்தான். மாடியில் நின்ற அக்கா அதற்கு வெகு முன்பே காலில் நரம்பு சுருண்டு வேலையை விட்டுவிட்டார். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த அக்காவுக்காகப் பேச வந்தவர்கள், அதே மூச்சில் அவர் வேலை பார்த்த கடையைப் பார்த்துச் சிரிக்கலாமா?

அப்புறம், அந்த ஒப்பாரி வரியை எழுதிய முதல் ஆள் கீழே இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறார். "மனு எழுதுறவனும் குமாஸ்தாவும் போன கடை அது." ஆமாம். என் அப்பா மனு எழுதுகிறவர்தான். கண்டோன்மென்ட் பக்கம் ஓர் அலுவலக வாசலில் மரத்தடியில் ஒரு மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்து பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு என்று முப்பது வருஷம் எழுதினார். சாயங்காலம் ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அந்தக் கடைக்கு நடப்பார். கார்பன் தாள் பெட்டியாக வந்தால் 100 இருக்கும். பெட்டியாக வாங்குகிற காசு அப்பாவிடம் இருந்த நாட்கள் குறைவு. பெரியவர் பெட்டியைப் பிரித்துப் பத்து பத்தாக எண்ணிக் கொடுப்பார். "எத்தனை காப்பி எடுக்கணும் சார்?" என்று கேட்பார். மூன்றுக்கு மேல் என்றால் அடியில் வைக்க மெல்லிய தாள் தந்து, "மை பேனா வேணாம், பால்பாயிண்ட்ல அழுத்தி எழுதுங்க சார், கடைசிக் காப்பியும் தெளிவா விழும்" என்பார். கடைசிக் காப்பி மனு கொடுக்க வந்த கிழவியின் கையில் இருக்கப்போவது. அது தெளிவாக இல்லாவிட்டால், மனு கொடுத்ததற்கு அந்தக் கிழவியிடம் அத்தாட்சியே இல்லை. பெரியவருக்கு அது தெரிந்திருந்தது. எங்கள் அப்பாவை வெளியே எல்லோரும் "யோவ் மனு" என்றுதான் கூப்பிடுவார்கள். சார் என்று கூப்பிட்டது அந்தக் கடை.

இப்போது சொல்லுங்கள், நான் எதற்கு அழுகிறேன் என்று நினைக்கிறீர்கள்? பேனாவுக்கா?

நீங்கள் கடைசியாக எப்போது போனீர்கள் என்று கேட்டிருந்தார்கள். 2019இல் போனேன். அதற்கப்புறம் ஐந்தாறு வருஷம் போகவில்லை. சத்திரம் வழியாகப் போகும்போதெல்லாம் அடுத்த தடவை இறங்கலாம் என்று நினைத்தேன், இறங்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு என்மேல் கோபம் இருந்தால் இருக்கட்டும்.

மூடப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு போன மாதம் ஓடினேன். பாதி அலமாரி காலி. கல்லாவில் மகன் இருந்தார். சரக்கு எடுத்துக் கொடுக்க ஒரே ஒருவர், நான் பள்ளிக்கூடம் படித்த காலத்திலிருந்து இருப்பவர், தலை முழுக்க நரைத்திருந்தது. என்ன வாங்குவது என்று தெரியாமல் நின்றேன். அப்புறம் கார்பன் தாள் இருக்கிறதா, பத்து வேண்டும் என்றேன். உள்ளே போய்த் தேடி, தூசு தட்டி ஒரு பெட்டியை எடுத்துவந்தார். மூடியைத் திறந்து கையை வைத்தவர் நிமிர்ந்து, "எதுக்கும்மா? எத்தனை காப்பி?" என்று கேட்டார்.

அப்பா போய்ப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் எண்ணி, மடங்காமல் ஒரு பழைய காலண்டர் தாளில் சுருட்டிக் கொடுத்தார்.

படத்தை எடுத்துவிடச் சொல்லி இரண்டு பேர் இன்பாக்ஸில் எழுதியிருக்கிறீர்கள், நண்பர்களுக்குள் எதற்கு மனக்கசப்பு என்று. எடுக்க மாட்டேன். சிரித்த அந்த ஐந்து பேரும் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஷட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற மர நிலையைப் பாருங்கள். இடுப்பு உயரத்திலிருந்து தோள் உயரம் வரை நீலமும் கறுப்புமாகக் கிறுக்கியிருக்கிறதே, பேனா எழுதுகிறதா என்று வாங்குகிறவர்கள் எழுதிப் பார்த்தது. கீழ்ப்பக்கம் இருப்பவை நம்முடையவை. அப்போது நமக்கு அவ்வளவு உயரம்தான் எட்டும்.