கேரோ மூழ்கினால் என்ன?

அமெரிக்காவைக் காரில் சுற்றிவிட்டு வந்து ‘பார்த்ததிலேயே பாழாய்ப்போன ஊர்’ என்று படம் போடுகிறவர்கள் கேரோவை விடவே மாட்டார்கள். இல்லினாய் மாநிலத்தின் தென்முனை, ஒஹையோ ஆறும் மிசிசிப்பி ஆறும் கூடுகிற இடம். எழுத்தில் எகிப்துக் கெய்ரோதான், ஊர்க்காரர்கள் வாயில் கேரோ. 1920-ல் 15,203 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 1,733. படம் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கீழே ‘காலத்தால் அழிந்த ஊர்’ என்று எழுதாதீர்கள். காலம் பாவம், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இந்த ஊர் பிழைத்ததே ஆற்றைக் கடத்திவிடுகிற தொழிலில்தான். ரயில் பெட்டிகளையும் வண்டிகளையும் படகில் ஏற்றி அக்கரை சேர்க்க வேண்டும். 1889-ல் ஒஹையோவுக்கு மேலே ரயில் பாலம் வந்தது. 1929-லும் 1938-லும் இரண்டு ஆறுகளுக்கும் சாலைப் பாலங்கள் வந்தன. 1978-ல் ஐ-57 நெடுஞ்சாலையின் பாலம் ஊருக்கு வடக்கே திறந்த பிறகு, லாரிக்காரர் ஒரு காபி குடிக்கக்கூட உள்ளே வரத் தேவையில்லை. பெரும்பாலானோர் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். ஆனால் பாலம் வந்ததால் மட்டும் ஊர் செத்துவிடுமா? அதே ஒஹையோ கரையில் கொஞ்சம் மேலே போனால் கென்டக்கி மாநிலத்தின் படூக்கா. அங்கே இன்றும் 27,000 பேர் இருக்கிறார்கள்.

கேரோவில் நடந்தது வேறு. 1962-ல் கறுப்பர்களை உள்ளே விடாத நீச்சல் குளத்துக்கு வெளியே சமஉரிமைப் போராளி ஜான் லூயிஸும் தோழர்களும் மண்டியிட்டுப் போராடினார்கள். எல்லோரையும் விடுவதற்குப் பதில் குளத்தையே மூடினார்கள், பின்னால் அதில் சிமெண்ட் கொட்டி நிரப்பினார்கள். 1967 ஜூலையில் ராபர்ட் ஹன்ட் என்ற 19 வயதுக் கறுப்பினப் படைவீரர் காவல் நிலையத்தில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். போலீஸ் தற்கொலை என்றது, கறுப்பின மக்கள் நம்பவில்லை, ஊர் பற்றி எரிந்தது. 1969-ல் கறுப்பர்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். கேட்டது கடையில் வேலை. அந்த வேலையைக் கொடுப்பதைவிடக் கடையை இழுத்துப் பூட்டிவிட்டுப் போவது மேல் என்று முடிவெடுத்தவர்கள் ஏராளம். இன்று ஊரின் கடைவீதியான கமர்ஷியல் தெருவில் நீங்கள் படம் பிடிக்கிற காலி மனைகளுக்குப் பின்னால் இருப்பது இந்தப் பிடிவாதம். வீம்புக்கு மூக்கை அறுத்துக்கொண்ட ஊர் என்று நான் தாராளமாகச் சொல்வேன். அறுத்தவர்கள் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், மூக்கில்லாமல் இருப்பது மிச்சமிருந்தவர்கள்.

‘பாழ் ஊர்’ என்ற பெயர் என்ன செய்யும் என்பதற்கு 2011 மே மாதமே சாட்சி. ஆற்றின் அளவு கேரோ அளவுகோலில் 61.72 அடியைத் தொட்டது, அதுவரை காணாத உச்சம். வெள்ளச்சுவரின் உயரம் 64 அடி. சுவரைத் தாண்டி வழிவதைவிடப் பெரிய பயம், அடியில் வரும் ஊற்று. ஆற்றுநீரின் அழுத்தம் கரைக்கு அடியிலுள்ள மணல் படுகை வழியாகப் புகுந்து, ஊருக்குள்ளே தரையைப் பொத்துக்கொண்டு கொப்பளிக்கும். தண்ணீர் தெளிவாக வந்தால் சமாளிக்கலாம். மணலோடு கலங்கி வந்தால் கரையின் அடிவயிறு கரைகிறது என்று அர்த்தம். அதன் வாயை அடைக்கவே கூடாது. அடைத்தால் பக்கத்தில் இன்னொரு இடத்தில் பொத்துக்கொள்ளும். சுற்றிலும் மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, உள்ளே நீர்மட்டத்தை உயர்த்த வேண்டும். அந்த எதிர் எடை ஊற்றின் வேகத்தைக் குறைத்து, நீர் தெளிந்து வரும்வரை உயர்த்த வேண்டும். கேரோவில் இப்படி வந்த ஓர் ஊற்று ராணுவப் பொறியாளர்களையே மிரட்டியது.

வழி ஏற்கெனவே சட்டத்தில் இருந்தது. 1928 வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி எதிர்க்கரையில், மிசூரியின் பேர்ட்ஸ் பாயின்ட்டில் கரையை உடைத்து 1,30,000 ஏக்கரில் வெள்ளத்தைத் திருப்பிவிடலாம். 1937-ல் ஒருமுறை செய்தார்கள். அந்த நிலத்துக்காரர்களிடம் வெள்ளம் விடும் உரிமையை அரசு முன்பே வாங்கியும் இருந்தது. அப்படியிருந்தும் மிசூரி அரசு வழக்குப் போட்டது. விவசாய நிலமா, கேரோவா, எது மூழ்கலாம் என்று கேட்டபோது அந்த மாநிலக் கீழவையின் அன்றைய சபாநாயகர் யோசிக்காமல் கேரோ என்றார். தான் அந்த ஊரைப் பார்த்திருப்பதாகவும் சேர்த்துச் சொன்னார். கவனியுங்கள், வழிப்போக்கனின் பார்வை அப்படியே வாதமாகிவிட்டது! பிறகு மன்னிப்புக் கேட்டார். மே 2 இரவு, கரைக்குள் பதித்திருந்த குழாய்களில் திரவ வெடிமருந்தை ஏற்றிக் கரையைத் தகர்த்தார்கள். கேரோ தப்பியது. அந்த நிலத்துக்குள் பின்ஹுக் என்றொரு கறுப்பர் கிராமம் இருந்தது. வேறெங்கும் நிலம் வாங்க விடாததால் 1940-களில் அந்தப் பள்ளத்தில் குடியேறியவர்கள். அந்தக் கிராமம் போயே போய்விட்டது. இதைப் பாழ் ஊர்ப் பட்டியலில் யாரும் போடுவதில்லை, படம் எடுக்கவும் ஒன்றும் மிஞ்சவில்லை.

வெள்ளத்திலிருந்து காப்பாற்றிய அதே மத்திய அரசு, 2017-ல் கேரோவின் இரண்டு பெரிய பொதுக் குடியிருப்புகளை, எல்ம்வுட்டையும் மெக்பிரைடையும், பழுது பார்க்க முடியாது என்று காலி செய்யச் சொன்னது. கிட்டத்தட்ட 200 குடும்பங்கள். வேறிடத்தில் வாடகைக்குப் போக உதவிச் சீட்டு கொடுத்தார்கள். ஊரில்தான் வாடகைக்கு வீடே இல்லையே! சீட்டை வாங்கிக்கொண்டு வெளியூர் போக வேண்டியதுதான். கட்டடங்களை இடித்தார்கள். இதற்கு முன்னால் பராமரிக்காமல் விட்டது யார் என்ற கேள்வி அதோடு அமுங்கிவிட்டது.

ஆள் போனால் செலவு போகாது என்பதைப் பலர் யோசிப்பதில்லை. 15,000 பேருக்குப் போட்ட தண்ணீர்க் குழாய் 1,700 பேருக்காகச் சுருங்காது. ஓட்டம் குறைந்து தண்ணீர் குழாயிலேயே நாள்கணக்கில் தேங்கும், குளோரின் வீரியம் இறங்கும், அடிக்கடி திறந்துவிட்டுக் கழுவ வேண்டும். அந்தச் செலவெல்லாம் மிச்சமிருப்பவர் தலையில்தான்.

உண்மையிலேயே காலி செய்ய வேண்டியிருந்த ஊரும் உண்டு: ஓக்லஹோமாவின் பிக்கர். ஈயமும் துத்தநாகமும் எடுத்த சுரங்கங்கள் 1970 வாக்கில் நின்றன, நீரிறைக்கும் பம்புகளும் நின்றன, சுரங்கம் நிரம்பி 1979-ல் அமில நீர் டார் க்ரீக் ஓடையில் செந்நிறமாக வெளியே வந்தது. ஈயம் கலந்த சரளைக் கழிவு மலைபோலக் குவிந்து கிடந்தது. அதை எடுத்துப் பிள்ளைகள் விளையாடும் இடங்களிலெல்லாம் கொட்டினார்கள். 2006 ஆய்வு, 86 சதவீதக் கட்டடங்கள் எப்போது வேண்டுமானாலும் உள்ளே இறங்கலாம் என்றது. 2008-ல் சூறாவளி, 2009-ல் நகராட்சியே கலைந்தது. பிக்கரையும் கேரோவையும் ஒரே பட்டியலில் போடுவது சுத்த சோம்பேறித்தனம்.

கேரோவைப் பார்க்க வேண்டும் என்றால் ஐ-57-ல் எக்ஸிட் 1. தெற்கே போகும்போது ரயில் மேட்டுக்கு அடியில் 60 அடி அகல இரும்பு வெள்ளக்கதவு தலைக்கு மேலே தொங்கும். அதை இறக்கிவிட்டால் வடக்குப் பக்கம் ஊர் அடைபட்டுவிடும். இடிந்த வீடுகளை மட்டும் எண்ணாதீர்கள், நடைபாதை ஓரத்துச் சரிவுகளைப் பாருங்கள். புல்வெளிக்குள் போய் முடிகிற ஒவ்வொரு சரிவும் ஒரு காலத்தில் ஒரு வீட்டுக்குக் கார் போன வழி. 1884-ல் கட்டிய சாஃபோர்ட் நூலகத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு ஆறும் கூடுகிற முனையில் ஃபோர்ட் டிஃபையன்ஸ் பூங்கா இருக்கிறது. அது வெள்ளச்சுவருக்கு வெளியே இருப்பதால் வசந்தத்தில் அடிக்கடி தண்ணீருக்குள் போய்விடும். செப்டம்பர், அக்டோபரில் போங்கள், பெட்ரோலை முன்னாலேயே போட்டுக்கொள்ளுங்கள்.