தவிசில் ஆரும் இருக்கலாம்

நேற்றுப் பின்னேரம் பக்கத்து வீட்டு அக்காவுக்காகப் பிரதேச சபைக்கு ஒரு கடிதம் எழுதினன். ஒழுங்கை மதகு உடைஞ்சு ரெண்டு மாரி போட்டுது. முகவரியில "செயலாளர்" எண்டு போட்டிட்டு, கைப்பழக்கத்தில "ஐயா," எண்டு தொடங்கிட்டன். அக்கா எட்டிப் பாத்திட்டுக் கேட்டா, "செயலாளர் பொம்பிளையெல்லோ பிள்ளை, பிறகேன் ஐயா?"

இலங்கையின்ர 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைகள் சட்டம் சபைத் தலைவரை ஆங்கிலத்தில 'சேர்மன்' எண்டு ஆம்பிளையாத்தான் சொல்லுது. தமிழில அது தவிசாளர். தவிசு எண்டால் இருக்கை, அதில ஆரும் இருக்கலாம். செயலாளர், உறுப்பினர், அதிபர் எல்லாம் அப்பிடித்தான். யுத்தத்தின்ர கடைசிக் காலத்தில முல்லைத்தீவு மாவட்ட நிர்வாகத்துக்குப் பொறுப்பான அரசாங்க அதிபரா இருந்தவ இமெல்டா சுகுமார். அவவுக்காக அந்தப் பதவிப் பேரில ஒரு எழுத்தும் மாற வேண்டி வரேல்லை.

மொழி தந்ததை நாங்கள்தான் கெடுக்கிறம். "பெண் தவிசாளர்", "பெண் உறுப்பினர்" எண்டு நோட்டீசில அடிக்கிறம். "ஆண் உறுப்பினர்" எண்டு ஆரும் அடிச்சு நான் காணேல்லை. 2018 தேர்தலில பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வரமுன்னம், நாடு முழுக்க உள்ளூராட்சி சபைகளில பெண்கள் 2 சதவீதம்கூட இல்லை. வந்த பிறகும் கனபேரை, வட்டாரத்தில வெண்டு வரேல்லை, கட்சிப் "பட்டியலில வந்தவை" எண்டுதான் கதைக்கினம்.

எனக்கு ஆகலும் நோகிறது வேறயொண்டு. அரசாங்கக் கோப்புகளில பெண்ணுக்குத் 'தலைமை' எண்ட சொல்லைத் தாராளமாக் குடுத்த ஒரே இடம் நிவாரணப் பட்டியல். 'பெண் தலைமைத்துவக் குடும்பம்.' 2009க்குப் பிறகு என்ர அம்மாவும் அந்தப் பட்டியலில இருந்தவ. முகாமால வந்து, பத்தை வெட்டி, தறப்பாளுக்குக் கீழ எங்கள் மூண்டு பேரையும் வளர்த்து, ரெண்டு ஏக்கர் வயலைத் திருப்பி விதைச்சவ. அது தலைமைதான். ஆனா அந்தச் சொல் அவவுக்கு உலர் உணவு வாங்கிற வரிசையில மட்டுந்தான் கிடைச்சது. கூட்டத்தில அவ கடைசி வரைக்கும் பின்வரிசை.

பேரை மாத்தினா மதகு கட்டுப்படுமோ எண்டு கேப்பியள். மதகும் வேணும், மரியாதையும் வேணும். சட்டத்தில இருக்கிற ஆங்கிலப் பேரை மாத்தப் பாராளுமன்றம் வேணும், அது தனிய நடக்கட்டும். கடிதத் தலைப்பு, அழைப்பிதழ், கதவில தொங்கிற பெயர்ப்பலகை எல்லாம் எங்கட சபைகளின்ர கையிலதான் இருக்கு. அதில 'பெண்' எண்ட ஒட்டை எடுங்கோ. பொதுமக்களுக்குக் குடுக்கிற மாதிரிக் கடிதங்களில "ஐயா" எண்டதை எடுத்திட்டுப் பதவிப் பேரைப் போடுங்கோ.

அக்காவின்ர கடிதத்தைக் கிழிச்சிட்டு, "மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு" எண்டு திருப்பி எழுதினன். திங்கட்கிழமை கொண்டுபோய்க் குடுக்கப் போறா.