உப்பு காயத்தில் தேய்க்கவா?

ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே சிங்கப்பூர் தேக்கா சாப்பாட்டுக் கடைக்குத்தான் போனோம். அன்றைய செய்தி கொலோசெயர் 4:6. பேச்சு கிருபை பொருந்தினதாக, உப்பால் சாரமேறினதாக இருக்கவேண்டும் என்று பவுல் எழுதியது. எல்லாரும் ஆமென் சொன்னோம்.

பிரியாணி வருவதற்குள், மேசை துடைத்த வயதான அங்கிளிடம் எங்கள் பிரதர் ஒருவர், "இதத் துடைக்க இவ்வளவு நேரமா?" என்று எரிந்து விழுந்தார். மேசையில் வேதாகமம். சாப்பிட்ட தட்டை நாமே எடுத்துக்கொண்டுபோய் வைப்பது 2021 முதல் இங்கே நம் கடமை, முன்னால் உட்கார்ந்தவர்கள் போட்டுப் போனதைத்தான் அவர் அள்ளிக்கொண்டிருந்தார்! ஈரத் துணியோடு கை அப்படியே நின்றது. "சாரி, சாரி" என்றார்.

வயிறு எரிகிறது. சபையில் "ஸ்தோத்திரம் பிரதர்" என்று குழைகிற நாக்கு இதேதானே?

"தேங்க்யூ அங்கிள்" என்றேன். அவர் நிமிரவே இல்லை.